சிவப்பு நூல் கட்டிய சீசா

கடலூர் செம்மண்டலத்தில் காலை நேரத்தில் என்னோடு நடக்கிறவர்களுக்கும், நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தபடி எங்களுக்குக் கையாட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், என்னை வேப்பமரத்துப் பக்கம் இழுத்துப்போய்க் காதோடு காதாகச் சொன்னாள்: "எனக்கு சுகர் வந்துடுச்சாம்டி. யாருகிட்டயும் சொல்லிடாத." ஏதோ போலீஸ் கேஸில் மாட்டிக்கொண்ட மாதிரி முகமெல்லாம் வேர்த்திருந்தது அவளுக்கு. அப்புறம் அவளே கேட்டாள்: "ஒனக்கும் இருக்குதே, நீ மட்டும் எப்புடிடி சிரிச்சிக்கிட்டே திரியற?"

நடந்துகொண்டே சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு சர்க்கரை வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கண் நன்றாகத் தெரிகிறது. கால் விரல்கள் பத்தும் இருக்கின்றன. உங்களில் பாதிப்பேரைவிட வேகமாக நடக்கிறேன், அதில் உங்களுக்கு வயிற்றெரிச்சல் என்பதும் தெரியும். ஆனால் இந்த வியாதி எனக்கு வந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தபோது எனக்குப் பத்து வயசு. ஒரு கரும்பு அரவைப் பருவம் மட்டும் இருந்துவிட்டுப் போய்விட்டது. சர்க்கரை வந்தால் போகாதே என்பீர்கள். எனக்குப் போனது. கேளுங்கள்.

நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை மில்லுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. அப்பா மில் லேப்பில் வேலை பார்த்தார். வருகிற கரும்பில் எவ்வளவு இனிப்பு இருக்கிறது, எல்லாம் எடுத்தபின் மிஞ்சுகிற கழிவுப் பாகில் இன்னும் எவ்வளவு இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று குழாயிலும் குப்பியிலும் ஊற்றிப் பார்ப்பது அவர் வேலை. அந்தக் கழிவுப் பாகுக்கு மொலாசஸ் என்று பெயர். தார் மாதிரி கறுப்பாக, விரலில் பட்டால் பிரியாத பிசுக்காக இருக்கும். கரும்பு அரைக்கத் தொடங்கிவிட்டால் ஊர் முழுக்க அதன் வாசனைதான். தலையணையில், பள்ளிக்கூடப் பையில், அம்மாவின் ஈரத் தலைமுடியில் எல்லாம் அது இருக்கும். கொடியில் காயும் துணியில் புகைபோக்கிக் கரி வேறு வந்து உட்காரும். அம்மா மில்லைத் திட்டிக்கொண்டே உதறுவாள். சங்கு ஊதினால் திட்டை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு டீ போட ஓடுவாள்.

அப்பாவின் பக்கத்தில்தான் சர்க்கரை. பெரியப்பா காலில் கருவேல முள் குத்தியது. குத்தினதே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது கால் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, சிதம்பரத்தில் இருந்தாள். அவளுக்கு தினம் காலையில் ஊசி. கண்ணாடி ஊசிக்குழலைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்து, மருந்தை ஏற்றி, தன் தொடையில் தானே குத்திக்கொள்வாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. குத்திக்கொண்டே "என்னா கொழம்பு இன்னிக்கு?" என்று கேட்பாள். பார்க்கிற எனக்குத்தான் தொடை கூசும்.

பெரியப்பா போய்ச் சேர்ந்ததும் அப்பாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து வந்ததுதான் எங்கள் வீட்டு வழக்கம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் ஆளுக்கொரு சீசாவில் ஒண்ணுக்கு இருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும். அம்மா, அண்ணன், நான். சீசா மாறிவிடக் கூடாதென்று கழுத்தில் நூல். அம்மாவுக்கு மஞ்சள், அண்ணனுக்குக் கறுப்பு, எனக்குச் சிவப்பு. அப்பா கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றுவார். சொட்டுக் குழலால் நம் சரக்கில் கொஞ்சம் விடுவார். ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதற்கு மேல். ஆரஞ்சு என்றால் ஜாஸ்தி. செங்கல் நிறம் என்றால் பெரியப்பா.

மற்ற வீடுகளில் ஞாயிறு காலை கறி எடுக்கப் போவார்கள். எங்கள் வீட்டில் மூத்திரம் காய்ச்சுவோம். அந்த நாற்றம் போக அம்மா சாம்பிராணி போடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை ரொம்ப பக்தியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அண்ணன் கோலி விளையாடி என் சீசாவை உடைத்தான். அப்பா மறுநாளே வேறொன்று கொண்டுவந்தார். லேப்பில் கழித்துப் போட்டது. தேன் நிறத்தில் கெட்டிக் கண்ணாடி, குறுகின கழுத்து, கையில் வைத்தால் கனம். மற்ற இரண்டும் சாதாரண மருந்து சீசா. எனக்கு மட்டும் ராணி மாதிரி ஒன்று. அம்மா தொட்டித் தண்ணீரில் அலசிக் கொடுத்தாள். பழைய சிவப்பு நூலை நானே அதன் கழுத்தில் கட்டினேன்.

அதையடுத்து வந்த முதல் ஞாயிறு அம்மாவுடையது நீலம், அண்ணனுடையது நீலம். என் குழாய் கொதித்தது. நீலம் கலங்கிப் பச்சையாகி, மஞ்சளாகி, நன்றாகப் பழுத்த ஆரஞ்சில் வந்து நின்றது. நான் அழகாக இருக்கிறது என்று நினைத்தேன்.  அப்பா குழாயைக் கழுவிவிட்டு மறுபடி காய்ச்சினார். மறுபடியும் ஆரஞ்சு. விளக்கை ஊதி அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாங்க?" என்றாள் அம்மா.

"வந்துடுச்சி."

"யாருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுத அழுகையில் சாம்பிராணித் தட்டு கவிழ்ந்தது. எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு அழுகிறார்கள் என்று முதலில் புரியவில்லை. பிறகு அத்தையின் ஊசி ஞாபகம் வந்தது. நானும் சேர்ந்து அழுதேன்.

அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அப்பா ஓடவில்லை. "சின்னப் புள்ளைங்களுக்கு வந்தா ஊசிதான் வழி. போனா அன்னிக்கே குத்திடுவாங்க. ஆயுசுக்கும் குத்தணும். பொங்கல் வரைக்கும் வாயக் கட்டிப் பாப்போம். நீலத்துக்கு வந்துடுச்சின்னா ஊசி தேவையில்ல" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பதறுகிறது. உண்மையிலேயே அந்த வயசில் அது வந்திருந்தால், பொங்கல் பானை பொங்குவதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் அப்பாவுக்கு என் தொடையில் ஊசி ஏறுவதை நினைக்கவே முடியவில்லை. பொங்கலுக்குள் என் குழாய் நீலமாக வேண்டும், இல்லாவிட்டால் சிதம்பரத்தில் அத்தையின் டாக்டர், ஊசி. இதுதான் எனக்கு விதித்த கெடு.

அதன்பிறகு நான் சாப்பிட்டதைக் கேட்டால் நீங்கள் இன்றைக்கே உங்கள் டயட் சார்ட்டைக் கும்பிடுவீர்கள். காலையில் ஊறவைத்த வெந்தயம். அதன்மேல் நாவல் கொட்டைப் பொடி. மத்தியானம் கைப்பிடிச் சோறு, தட்டு நிறையக் கீரை. சாயங்காலம் பாகற்காயை அப்படியே இடித்துப் பிழிந்த சாறு. ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி. தீபாவளிக்கு அதிரசம் சுடும்போது என்னை எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டிலும் அதிரசம்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா ஒன்றை என் கையில் வைத்தாள். நான் வேண்டாம் என்றேன். "எனக்கு சக்கரை" என்றேன். அந்தம்மா கையிலிருந்த கரண்டி எண்ணெயில் விழுந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆமாம், பெருமைதான். மறைப்பானேன். எங்கள் வகுப்பில் செருப்புப் போட்டவள் நான் ஒருத்திதான். பெரியப்பா கால் ஞாபகத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த தோல் செருப்பு. தினம் சாயங்காலம் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ரயில்வே கேட் வரைக்கும் நடக்கக் கூட்டிப்போவார். கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். மாடுகள் வாயில் நுரை வைத்துக்கொண்டு படுத்திருக்கும். மற்ற பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய்க் கரும்பை உருவுவார்கள். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, பார்க்காத மாதிரி நடப்பேன். எச்சில் ஊறும். விழுங்கிக்கொள்வேன்.

அந்த நடையில் அப்பா வழியிலிருக்கிற கை பம்பில் நின்று தண்ணீர் குடிப்பார். குடிப்பார், குடிப்பார், அவ்வளவு குடிப்பார். கொஞ்ச தூரம் போனதும் என்னை நிற்கச் சொல்லிவிட்டு வேலி ஓரமாக ஒதுங்குவார். திரும்பும்போது மறுபடி அதே பம்பு, அதே வேலி. சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. பெல்ட்டில் அம்மா ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டாள். தெருவில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "பாவம், பொண்ண நெனச்சே கரையறாரு மனுஷன்." அம்மாவும் அதைத்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன். என்னால் அப்பா மெலிகிறார் என்று நினைத்து, பாகற்காய்ச் சாற்றை மூக்கைப் பிடிக்காமல் குடித்தேன். அவரோ எதிரில் உட்கார்ந்து, சர்க்கரை நிறையப் போட்ட டீயை உறிஞ்சிக்கொண்டே, "வாயக் கட்டினா எதையும் ஜெயிக்கலாம்மா" என்று எனக்கு வகுப்பெடுப்பார்.

நீங்கள் எல்லாரும் இந்நேரம் புரிந்துகொண்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு என் குழாய் ஆரஞ்சுக்குப் போகவில்லை, மஞ்சளில் நின்றது. அப்பா குழாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடி வெளிச்சத்தில் காட்டினார். "பாத்தியா! எறங்குது பாத்தியா!" அம்மா சாமி படத்துக்கு சூடம் காட்டினாள். அதற்கடுத்த ஞாயிறு பச்சை. அவ்வளவுதான், அப்பாவுக்கு மில்லில் பெயர் வந்துவிட்டது. மகளுக்கு ஊசியில்லாமல் சர்க்கரையை இறக்கினவர் என்று. ஷிப்ட் முடிந்து ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வந்து நாவல் கொட்டைப் பொடி கேட்டு வாங்கிப்போனார்கள். அண்ணனுக்கு நாவல் கொட்டை இடிப்பதே வேலை. "ஒன்னாலதான்டி என் கை காய்ச்சிப்போச்சி" என்று என்னைத் தலையில் குட்டுவான்.

எல்லாம் சரி, நீலம் வரவில்லை. மார்கழித் திருவாதிரை முடிந்ததும் அத்தை ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து நேரில் வந்துவிட்டாள். சேதி அவளுக்கு அப்போதுதான் யார் மூலமாகவோ போயிருக்கிறது. வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"டேய் தம்பி, பொட்டப்புள்ளைய வச்சிக்கிட்டு வெளையாடறியா? அண்ணன் போனது பத்தலையா ஒனக்கு?"

"பச்சைக்கு எறக்கிட்டேன்க்கா. இன்னும் ஒரு மாசம்…"

"எறக்குவ எறக்குவ. நாளைக்குக் காலைல மொத பஸ்ல நாம சிதம்பரம் போறோம். எனக்குப் பாக்குற டாக்டர் பாப்பாரு. ஊசின்னா ஊசி. நான் போட்டுக்கல? செத்தா போயிட்டேன்?"

மறுநாள் காலையில் முதல் சிறுநீரை என் சிவப்பு நூல் சீசாவில் பிடித்து, தக்கையால் அடைத்து, பேப்பரில் சுற்றி, வயர் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கடலூரில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூடை என் மடியில். இன்றைக்கு எனக்கு ஊசி என்று தெரியும். தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன், இவ்வளவுதான் வலிக்குமா, இதைவிட ஜாஸ்தியா என்று. புதுச்சத்திரத்தில் அப்பா கண்டக்டரைக் கெஞ்சி பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினார். "என்னா சார், இப்பதான கடலூர்ல போயிட்டு வந்தீங்க?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. இறங்கிப் போகிற தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கொஞ்சம் வயசானவர். சுவரோரம் ஒரு பானையும் சொம்பும். நாங்கள் காத்திருந்த நேரத்தில் அப்பா எழுந்து எழுந்து போய் அந்தப் பானையில் மொண்டு குடித்தார். உள்ளே கூப்பிட்டதும் அப்பா முழுக் கதையையும் சொன்னார், ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று. சொல்லும்போது குரலில் மிடுக்கு. டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். சீசாவை வாங்கி, சொட்டெடுத்து, தன் குழாயில் காய்ச்சினார். பச்சை. 'நான் சொல்லல?' என்பதுபோல அப்பா அத்தையைப் பார்த்தார்.

டாக்டர் என்னிடம் ஒரு கண்ணாடி டம்ளரைக் கொடுத்தார். "பாப்பா, பின்னால போயி இதுல கொஞ்சம் போயிட்டு வாம்மா."

பயத்தில் நிறையவே வந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். காய்ச்சினார். கொதித்துக் குமிழி விட்டது. நீலம். இன்னும் கொஞ்சம் காய்ச்சினார். அப்பாவின் சட்டை மாதிரி சுத்தமான நீலம். அவர் என்னையும் பார்த்தார், சீசாவையும் பார்த்தார். சீசாவில் மிச்சமிருந்ததைக் கொட்டினார். பைப்பில் தண்ணீர் பிடித்து, அடைத்து, கை வலிக்கக் குலுக்கினார். அந்தத் தண்ணீரில் சொட்டெடுத்துக் காய்ச்சினார்.

வெறும் தண்ணீர் பச்சையாகிவிட்டது.

டாக்டர் சீசாவின் வாயை மோந்து பார்த்தார். "நெல்லிக்குப்பத்துலேர்ந்துதான வரீங்க? இந்த சீசா ஏதுங்க?"

 அப்பா மெதுவாகச் சொன்னார். "லேப்புல கழிச்சிப் போட்டதுங்க. போன சீசன்ல… மொலாசஸ் சாம்பிள் வச்சிருந்தது."

"அப்ப இந்தத் தண்ணிக்கும் ஊசி போட்டுடலாமா சார்?" என்றார் டாக்டர்.

அத்தை சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. போன வருஷத்து மொலாசஸ் அடியில் காய்ந்து ஒட்டியிருந்திருக்கிறது. தேன் நிறக் கண்ணாடியில் அது தெரியவில்லை. ஊரே அந்த வாசனையாக இருக்கையில் சீசாவைத் தனியாக யார் மோந்து பார்ப்பது? ஒவ்வொரு மாதமும் அலச அலசக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கிறது. ஆரஞ்சு மஞ்சளானதும், மஞ்சள் பச்சையானதும் அதனால்தான். நான் விழுங்கின வெந்தயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மில்லில் ஒரு சாம்பிள் தப்பாக வந்தால் அப்பா முதலில் குப்பியைத்தான் சந்தேகப்படுவார். வீட்டில் பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டார். பயம் அவரை அப்படி ஆக்கிவிட்டது.

அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "ஒனக்கு ஒண்ணும் இல்லடி கழுத!" என்றாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. ஊசி இல்லை. களி இல்லை. பாகற்காய் இல்லை. பொங்கலுக்குக் கரும்பு உண்டு.

டாக்டர் விளக்கை அணைக்கவில்லை. இன்னொரு கண்ணாடி டம்ளரை எடுத்துத் துடைத்து அப்பாவின் முன்னால் வைத்தார்.

"வந்ததுலேர்ந்து என் பானையக் காலி பண்ணிட்டீங்க. வீட்டுல எல்லாருக்கும் பாத்தீங்களே சார். ஒங்களுக்கு எப்ப பாத்தீங்க?"

"எனக்கா? எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தான இருக்கேன்."

"எப்ப பாத்தீங்க?"

 அப்பா டம்ளரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஒண்ணுக்கு அடக்க முடியாமல் பஸ்ஸை நிறுத்தின மனுஷன், அன்றைக்கு வெளியே வர அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். டாக்டர் காய்ச்சினார். நீலம் நிற்கவே இல்லை. பச்சையும் மஞ்சளும் வந்தது தெரியாமல் கடந்து, ஆரஞ்சும் தாண்டி, கனமாகச் செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. அந்த நிறத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. ஆனால் அது யார் நிறம் என்று எனக்குத் தெரியும்.

"அப்பா செத்துப் போயிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "ஏன் சாவணும்? ஒழுங்கா இருந்தா ஒன் கல்யாணத்துக்கும் இருப்பாரு, ஒன் புள்ளைங்களத் தூக்கிக்கிட்டும் திரிவாரு. ஒழுங்கா இருக்கறது எப்புடின்னு தெரியாதாம்மா ஒனக்கு?"

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தெருவில் இறங்கியதும் அத்தை சொன்னாள்: "நம்ம அப்பா வுட்டுட்டுப் போன சொத்துல சண்ட சச்சரவு இல்லாம பிரிஞ்சது இது ஒண்ணுதான்டா தம்பி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழவீதி நடுவில் நின்று அழுதாள். அப்பா அழவில்லை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஆட்டமெல்லாம் அடங்கிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடை. அத்தை எனக்கு ஒரு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாள். நான் முழுசாகச் சாப்பிட்டேன். மரியாதைக்குக்கூட யாருக்கும் பிய்த்துக் கொடுக்கவில்லை. மாசக்கணக்கில் கட்டின வாய். அப்பா மாஸ்டரிடம் வழக்கம்போல "ஒரு டீ, சக்கரை தூக்கலா" என்றார். விரலை நக்கிக்கொண்டிருந்த நான் குரல் கொடுத்தேன்: "வேணாண்ணே! எங்கப்பாவுக்கு சக்கரை இல்லாம!"

அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கசப்பு டீயைக் குடித்தார். பாதியில் முகம் சுளித்து டம்ளரைக் கீழே வைக்கப் போனவர், நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மிச்சத்தையும் குடித்தார்.

அத்தையை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஊர் திரும்பினோம்.  பஸ் புதுச்சத்திரம் தாண்டினபின் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் இருந்துட்டா, ஒனக்கு வந்தது என்னாலதான்னு ஆயிடும்ல. அதாம்மா பாத்துக்கல. பாக்காம இருந்தா எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியாமயே போயிடும்னு…"

"எனக்குத்தான் வரவே இல்லையேப்பா."

அதைக் கேட்டதும்தான் அவருக்கு அழுகை வந்தது. துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு கடலூர் வரைக்கும் அழுதார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, அதை ஒளிப்பானேன். அவருக்குச் சேர வேண்டிய பாகற்காயை எல்லாம் நான் குடித்திருக்கிறேன். ஆனால் விரலை விடவில்லை.

அன்றைக்கு ராத்திரி அம்மா எனக்கு இட்லி ஊற்றினாள், அப்பாவுக்குக் களி. அவர் களியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மென்று தின்கிறவர்களுக்கு அது தொண்டையில் அடைக்கும். உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். நான் என் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, அவர் தட்டிலிருந்து ஒரு உருண்டை எடுத்து விழுங்கிக் காட்டினேன்.

"ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடி, நீ இட்லியத் தின்னு" என்றாள் அம்மா.

"இட்லியும் திம்பேன், இதையும் திம்பேன்" என்றேன். அவர் ஒரு உருண்டை, நான் ஒரு உருண்டை. அண்ணன் அந்தப் பக்கம் உட்கார்ந்து மிச்ச இட்லியை எல்லாம் காலி செய்துகொண்டிருந்தான்.

பொங்கல் முடிந்து முதல் ஞாயிறு வந்தது. எனக்கு வேறு சீசா, அப்பா வெந்நீரில் கொதிக்கவைத்து, அதில் குலுக்கின தண்ணீரைக் குழாயில் காய்ச்சி, நீலமாக நின்றபின் கொடுத்தது. அதில் வெள்ளை நூல். ஜன்னல் மேடையில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே வரிசையின் தலைமாட்டில் என் பழைய தேன் நிறச் சீசா நின்றது. அதையும் கொதிக்கவைத்துக் கழுவியிருந்தார். கழுத்தில் அதே சிவப்பு நூல். உள்ளே அப்பாவுடையது. எங்களுக்கெல்லாம் முன்னால் அவர் அதைத்தான் காய்ச்சினார். ஆரஞ்சு. "வாயக் கட்டினா எதையும் ஜெயிக்கலாம்ப்பா" என்றேன். அடிக்கக் கை ஓங்கினார், அடிக்கவில்லை, சிரித்துவிட்டார். அம்மா எங்களை அதட்டிவிட்டு சாம்பிராணி போடப் போனாள்.

மாத்திரையும் களியும் ரயில்வே கேட் நடையுமாக அந்தச் சீசா மஞ்சளுக்கும் பச்சைக்கும் வந்தது. சில மாதம் ஏறும், அப்போது அவர் எங்கே எதைத் தின்றார் என்று நான் விசாரணை வைப்பேன். டாக்டர் சொன்னது நடந்தது. அப்பா என் கல்யாணத்தில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார், செருப்போடுதான். என் மகனைக் காலேஜில் சேர்க்கப் போனபோது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணாமலை நகர் வரைக்கும் கூட நடந்து வந்தார். காலில் பத்து விரலோடுதான் போய்ச் சேர்ந்தார். சீசா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீட்டை விற்றபோது காணாமல் போனவற்றில் அதுவும் ஒன்று. பித்தளை அண்டாவுக்குக்கூட நான் அவ்வளவு வருத்தப்படவில்லை.

எனக்கு நிஜமாகவே வந்தபோது ரிப்போர்ட்டைப் பார்த்த என் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினேன். பழைய பாடம்தானே. உங்களைப்போல அதைக் காதோடு காதாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பத்து வயசிலேயே எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் சத்தமாகச் சொல்லிவிட்டவள் நான்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் முதல் ஞாயிறு உண்டு. நீல மருந்தும் விளக்கும் போய் விரலில் குத்துகிற சின்ன மிஷின் வந்துவிட்டது. மகன், மருமகள், லீவுக்கு வந்திருந்தால் மகள் எல்லாரும் டைனிங் டேபிளைச் சுற்றி உட்கார வேண்டும். வயசில் பெரியவர் விரல் முதலில். அதாவது இப்போது என்னுடையது. நம்பர் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் நானே சத்தமாகப் படிப்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்த விரல்.

வேப்பமரத்தடியில் காதோடு காதாகச் சொன்னவளே, உனக்கு வந்தது தெரிந்துவிட்டது, உன் பாடு பரவாயில்லை. நாளையிலிருந்து என்னோடு வேகமாக நட. எனக்குக் கவலையெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றித்தான். பேரனுக்குப் பார்த்தோம், மருமகளுக்குப் பார்த்தோம், எல்லாருக்கும் நார்மல் என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைக் காலி செய்கிறீர்களே. வீட்டில் எல்லாருக்கும் பார்த்தீர்கள், சரி.

உங்களுக்கு எப்போது பார்த்தீர்கள்?